மலையில் விழுந்த விமானங்களுக்கு ஒரு பதிவேடு போடுங்கள்: அருணாசல அரசுக்கு ஒரு திறந்த மடல்

அருணாசலப் பிரதேச முதலமைச்சர் அவர்களுக்கும், மத்திய அரசின் பாதுகாப்பு, உள்துறை, பண்பாட்டு அமைச்சகங்களுக்கும்,

வணக்கம்.

நான் தரைப்படையின் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலூர்ப் பக்கத்துக்காரன். பணியில் இருந்தபோது கொஞ்ச காலம் உங்கள் சியாங் மலைகளில் இருந்திருக்கிறேன். அதைத் தவிர இந்த மடலை எழுத எனக்குத் தனித் தகுதி எதுவும் கிடையாது. ஆங்கிலப் படி தபாலில் வந்து சேரும். தமிழில் எழுதுவது, எங்கள் ஊர் ஆட்களும் இதைப் படித்துவிட்டு உங்களைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போரின்போது, 1942 முதல் 1945 வரை, உங்கள் மலைகளில் விழுந்த விமானங்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று அரசாங்கம் தன் கையாலேயே ஒரு பதிவேடு எழுத வேண்டும். அந்த இடங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். இடத்தைத் தெரிந்து வைத்திருந்து சொன்ன கிராமத்து ஆட்களின் பெயர் அதே பதிவேட்டில் ஏற வேண்டும். அமெரிக்காவிலிருந்து யாராவது வந்து தேடினால்தான் இங்கே கோப்பு நகரும் என்ற நிலைமை எத்தனை காலத்துக்கு?

படிக்கிற எல்லோருக்கும் இந்தக் கதை தெரிந்திருக்காது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரல் முடிவதற்குள் லாஷியோவும் போய்விட, சீனாவுக்குத் தரைவழியாகச் சரக்கு போய்க்கொண்டிருந்த பர்மா சாலை அடைபட்டது. மிச்சம் இருந்தது வானம் மட்டும்தான். அசாமில் சாபுவா, டின்ஜான், மோகன்பாரி, சூக்கரேட்டிங் என்று தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடுதளங்கள் போட்டார்கள். இன்று விமானத்தில் திப்ருகர் போகிறவர்கள் இறங்குவது அந்த மோகன்பாரியில்தான். அங்கிருந்து சீனாவின் குன்மிங் வரை பெட்ரோல், குண்டு, உதிரி பாகம், மருந்து எல்லாம் பெரும்பாலும் அமெரிக்க விமானங்களில் பறந்தன. அந்தப் பாதைக்கு விமானிகள் வைத்த பெயர் 'ஹம்ப்', அதாவது திமில்.

வரைபடத்தில் அது சுமார் 800 கிலோமீட்டர்தான். ஆனால் பிரம்மபுத்திரா சமவெளியில் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் கிளம்பும் விமானம், கொஞ்ச நேரத்திலேயே பட்காய் மலையைத் தாண்டியாக வேண்டும். அப்புறம் சிந்த்வின், ஐராவதி, சால்வீன், மேகாங் என்று ஒவ்வோர் ஆற்றுக்கும் நடுவே ஒரு மலைத்தொடர். சால்வீனுக்கும் மேகாங்குக்கும் இடையே உள்ளது 15,000 அடி. வட பர்மாவின் மிச்சீனா விமானதளம் ஜப்பானியர் கையில் இருந்தவரை அவர்களுடைய சண்டை விமானங்களுக்குப் பயந்து இன்னும் வடக்கே, இன்னும் உயரமான பனிமலைகளை ஒட்டிப் போக வேண்டியிருந்தது. 1944 மே மாதம் அந்தத் தளம் நேச நாடுகளின் கைக்கு வந்த பிறகுதான் தெற்கே கொஞ்சம் தாழ்வான வழி திறந்தது.

எதிரி சுட்டு விழுந்தவை குறைவு. மலைதான் அதிகம் விழுத்தியது. இறக்கையில் பனி உறையும். கார்புரேட்டரில் பனி கட்டி என்ஜின் நிற்கும். மேலே அடிக்கும் காற்று மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். பக்கவாட்டில் அடித்தால், நேராகப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கும் விமானம் ஒரு பள்ளத்தாக்கு தள்ளிப் போயிருக்கும். மேகத்துக்குள் கண்ணே தெரியாது. வழிகாட்டும் ரேடியோ நிலையங்கள் ஆரம்பத்தில் மிகக் குறைவு. பயிற்சி முடித்து நேராக அங்கே வந்து சேர்ந்த இளைஞர்கள் பலர். சி-46 என்ற பெரிய சரக்கு விமானத்தைக் குறைகள் தீரும் முன்பே அந்தப் பாதையில் இறக்கிவிட்டார்கள். குண்டுவீச்சு விமானத்தை மாற்றியமைத்து பெட்ரோல் டேங்கராக்கிய சி-109 வகைக்கு விமானிகளே வைத்த பட்டப்பெயர் 'சி-ஒன்-ஓ-பூம்'. விளக்கம் தேவையில்லை.

1944 ஜனவரியில் ஆயிரம் மணிநேரப் பறத்தலுக்குக் கிட்டத்தட்ட இரண்டு விபத்து. அந்த ஆண்டு செப்டம்பரில் இந்தப் பாதைக்குப் பொறுப்பேற்ற அமெரிக்கத் தளபதி வில்லியம் டன்னர் பராமரிப்பு, ஓய்வு, பயிற்சி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திய பிறகு 1945 ஜனவரியில் அது 0.3 அளவுக்கு இறங்கியது. சரக்கோ ஏறிக்கொண்டே போனது; 1945 ஜூலையில் ஒரே மாதத்தில் 71,000 டன். அப்படியும் 1945 ஜனவரி 6ஆம் தேதி இரவு அடித்த புயலில் பல விமானங்கள் போயின. மொத்தக் கணக்கு யார் எண்ணினார்கள் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஏறக்குறைய 6,50,000 டன் சரக்கு, 600 விமானங்கள் வரை இழப்பு, 1,300க்கு மேல் உயிர்கள். ஏறக்குறைய 1,200 பேர் மீட்கப்பட்டோ நடந்தோ வெளியே வந்தார்கள். சில நூறு பேர் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை.

பிழைத்து வந்தவர்களுக்குச் சோறு போட்டு, தூக்கிச் சுமந்து, வழி காட்டியவர்கள் யார்? 1943 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஒரு சி-46 என்ஜின் பழுதாகி, உள்ளே இருந்த 21 பேரும் பாராசூட்டில் குதித்தார்கள். ஒருவர் இறந்தார், 20 பேர் பிழைத்தார்கள். அவர்களில் எரிக் செவரைட் என்ற பத்திரிகையாளரும் இருந்தார். இன்றைய இந்திய-மியன்மார் எல்லையை ஒட்டிய நாகா மலைகளில் அவர்கள் விழுந்த இடம், தலைவேட்டைக்குப் பெயர் போனது என்று வெள்ளைக்காரர்கள் நடுங்கிய பகுதி. சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஆங்கிலேயப் படை அங்கே பாங்ஷா கிராமத்துக்குத் தீ வைத்திருந்தது. அப்படிப்பட்ட மலையில் வானத்திலிருந்து விழுந்த வெள்ளைக்காரர்களுக்கு அந்த ஊர் ஆட்கள் சாப்பாடு போட்டார்கள். மொகோக்சுங்கிலிருந்து பிலிப் ஆடம்ஸ் என்ற அதிகாரி நாகா வீரர்களோடு நடந்துபோய் அவர்களைக் கூட்டி வந்தார். செவரைட்டின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். கூடவே நடந்த நாகாக்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? என் மடலின் சாரம் இந்தக் கேள்விதான்.

இனி உங்கள் சியாங்குக்கு வருகிறேன். 1944 ஜனவரி 25ஆம் தேதி, குன்மிங்கிலிருந்து சாபுவாவுக்குக் கிளம்பிய பி-24 ரக அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்று வந்து சேரவில்லை. விமானிகள் அதற்கு வைத்த பெயர் 'ஹாட் ஆஸ் ஹெல்'. உள்ளே எட்டுப் பேர். அன்றைய மோசமான வானிலையில் வேறு சில விமானங்களும் காணாமல் போயின. 62 ஆண்டுகள் கழித்து, 2006இல், அரிசோனாவைச் சேர்ந்த கிளேட்டன் கூல்ஸ் என்ற தனிமனிதர் தன் சொந்தச் செலவில் வந்து, மேல் சியாங் மாவட்டம் தம்ரோ கிராமத்துக்கு மேலே இருந்த மலையில் அதைக் கண்டார். 'கண்டார்' என்று நான் எழுதுகிறேன், பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. உண்மையில், உடைந்த விமானம் அங்கே கிடப்பது வேட்டைக்குப் போகிற ஆதி இனத்து ஆட்களுக்கு முன்பே தெரியும். அவர்கள் கூட்டிப் போகாமல் வெளியூர்க்காரர் யாராலும் அந்தச் சரிவை எட்டியிருக்க முடியாது. கூல்ஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. அரசாங்கங்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரு தனிமனிதர் செய்தார். அதேபோல இன்னும் பல இடங்களை அடையாளம் காட்டினார். ஆனால் பாதி வேலையைச் செய்தவர்கள் வழிகாட்டிகள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேதனை. இடம் தெரிந்தது 2006இல். அனுமதி, எல்லைச் சிக்கல், மழைக்காலம் என்று காலம் ஓடி, அமெரிக்கக் குழு வந்து மண்ணை முறையாகச் சலித்தது 2015இல். கிடைத்தவற்றை 2016 ஏப்ரலில், அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ஆஷ் கார்ட்டர் டெல்லி வந்தபோது மரியாதையோடு அனுப்பி வைத்தார்கள். 2017இல் முதல் லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்போர்டின் அடையாளம் உறுதியாகி, ஜார்ஜியா மாநிலத்தில் அவருடைய சொந்த ஊரான கன்கார்டில் அடக்கம் நடந்தது. ஊர் பெயர் தெரிந்த இடத்திலிருந்து சில எலும்புத் துண்டுகள் வீடு போய்ச் சேரவே 11 ஆண்டுகள். அந்த 11 ஆண்டுகளில் காத்திருந்த குடும்பங்களில் எத்தனை கிழவர் கிழவிகள் கண்ணை மூடியிருப்பார்கள்? டிஎன்ஏ சோதனைக்குத் தாய்வழி உறவினரின் மாதிரி வேண்டும். ஆள் போய்விட்டால் மாதிரியும் போயிற்று. காலதாமதத்தை வெறும் நிர்வாகச் சுணக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது.

'எல்லைப் பகுதி, அப்படித்தான் ஆகும்' என்பீர்கள். அதே போரில் சீனாவுக்குள் விழுந்த விமானங்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1944 ஆகஸ்ட் 31ஆம் தேதி குவாங்சியில் மாவ்எர் மலையில் மோதிய பி-24ஐ 1996 அக்டோபரில் இரண்டு விவசாயிகள் பார்த்தார்கள். அடுத்த மாதமே சீன அதிபர் ஜியாங் ஜெமின், அமெரிக்க அதிபர் கிளின்டனிடம் நேரில் தகவல் சொன்னார். சில மாதங்களில் எலும்புகள் கைமாறின. யூன்னானில் பியான்மா என்ற எல்லையோர ஊரில், 1943இல் விழுந்த சி-53 சரக்கு விமானத்தை மலையிலிருந்து இறக்கி நினைவகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதில் அரசியல் லாபம் இருந்தது, அதனால் செய்தார்கள், எனக்கும் புரிகிறது. நமக்கும் அதே லாபம் உண்டே.

உங்களையும் பாராட்ட வேண்டிய இடத்தில் பாராட்டத்தான் வேண்டும். 2023 நவம்பரில் பாசிகாட்டில் 'ஹம்ப்' போர் அருங்காட்சியகம் திறந்தீர்கள். முதலமைச்சர் பெமா காண்டுவும் அன்றைய அமெரிக்கத் தூதர் எரிக் கார்செட்டியும் வந்திருந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அருங்காட்சியகம் என்பது மலையிலிருந்து இறக்கிய பொருளுக்கான இடம். இன்னும் மலையிலேயே கிடப்பவற்றுக்கு யார் பொறுப்பு? மாநில அரசா, மத்திய அரசா, அமெரிக்காவா, கிராமமா?

சட்டத்தைப் பார்த்தால் ஒருவரும் இல்லை போலத் தெரிகிறது. 1972ஆம் ஆண்டின் பழம்பொருள் சட்டப்படி ஒரு பொருள் பழம்பொருள் ஆக 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டமும் அதே 100 ஆண்டைத்தான் சொல்கிறது. ஆக, 1944இல் விழுந்த விமானம் 2044 வரை சட்டத்தின் கண்ணில் பழைய இரும்பு. அதுவரை யார் வேண்டுமானாலும் அறுத்து எடுத்துப் போய் விற்கலாம். அடையாளத் தகடோ, என்ஜின் எண் பொறித்த தகடோ போய்விட்டால் அந்த விமானம் எது என்று நிரூபிக்கவே முடியாது. உள்ளே இறந்தவர்களின் பெயரும் அதோடு போகும். பிரிட்டனில் 1986இலேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். ராணுவப் பணியில் விழுந்த விமானம் என்றால், எத்தனை வயதானாலும், உரிமம் இல்லாமல் தொடுவது குற்றம். அவ்வளவு பெரிய சட்டம்கூட வேண்டாம். மாநிலச் சட்டமன்றத்தில் சில பக்கங்களில் ஒன்று போதும், முதல் அடிக்கு.

இந்த இடத்தில் கிராமத்து ஆட்களைத் திருடர்கள் ஆக்கிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆலோவுக்கு மேலே நாங்கள் ரோந்து போனபோது சுமை தூக்க வந்த ஆதி இளைஞர் ஒருவர் சொன்னார்: அவர் தாத்தா வீட்டில் சாதப் பானை மூடி விமானத் தகட்டில் செய்ததாம். உப்பும் இரும்பும் ஆள் முதுகில் சுமந்து வரவேண்டிய காலத்தில் வானத்திலிருந்து உலோகம் விழுந்தால் யார்தான் விடுவார்கள்? தாவ் கத்திக்கும் பாத்திரத்துக்கும் எடுத்தது தேவைக்கு. அதே இளைஞர் இன்னொன்றும் சொன்னார். அந்தச் சரிவில் ஆள் செத்துக் கிடந்தது என்று தெரிந்ததால் ஊர்ப் பெரியவர்கள் அந்தப் பக்கம் பொறி வைக்கப் போவதில்லை. சட்டம் இல்லாமலேயே ஒருவிதமான காவல் அங்கே இருந்திருக்கிறது. இன்றைய ஆபத்து வேறு. சாலை வந்தால் கூடவே எடைக்கு எடுக்கிற பழைய இரும்புக்காரன் வருவான், போர்க்காலப் பொருள் சேகரிக்கிறவனின் தரகனும் வருவான். சாலை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? முதுகில் பேட்டரி கட்டிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறியவன் எவனும் சாலையை எதிர்த்துப் பேச மாட்டான். சாலை போவதற்கு முன்னால் பதிவேடு போய்விட வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 15ஆம் தேதி, நாடு சுதந்திர தினம் கொண்டாடிய இரவில், உங்கள் மலைகள் 8.6 ரிக்டர் அளவில் ஆடின. சியாங், மிஷ்மி மலைகளில் சரிவுகள் மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தன. மலை சரிந்து அடைத்ததில் சுபன்சிரி ஆறு நின்று, சில நாள் கழித்து உடைத்துக்கொண்டு கீழே ஊர்களை அடித்துப் போனது. விமானங்கள் விழுந்து ஐந்தாறு வருடமே ஆன நேரம் அது. அதாவது, 1945இல் அமெரிக்கத் தேடல் குழுக்கள் எழுதி வைத்த குறிப்பில் உள்ள சரிவு இன்று அதே சரிவாக இருக்காது. சில விமானங்கள் மண்ணுக்கு அடியில் போயிருக்கும், சில ஆற்றுக்குள் இறங்கியிருக்கும். எது எங்கே நகர்ந்தது என்பதற்கு ஒரே சாட்சி, அங்கே தலைமுறையாக வேட்டைக்குப் போய் வந்தவர்களின் நினைவு. அந்தத் தலைமுறை இப்போது 80ஐத் தாண்டிவிட்டது. பேரப்பிள்ளைகள் இட்டாநகரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குக் காட்டுவழி தெரியாது.

உள்ளூர் ஆட்களின் கண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்று விமானப்படைக்கே தெரியும். 2019 ஜூன் 3ஆம் தேதி ஜோர்ஹாட்டிலிருந்து மேச்சுகா போன ஏஎன்-32 விமானம் 13 பேரோடு காணாமல் போனது. எங்கள் அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து கடற்படையின் பி-8ஐ விமானம்கூட தேடக் கிளம்பியது. சுகோய், ஹெலிகாப்டர், செயற்கைக்கோள் எல்லாம் தேடின. நடுவில், தகவல் சொல்பவருக்கு 5 லட்சம் ரூபாய் என்று விமானப்படை அறிவித்தது. லிப்போ கிராமத்துக்கு வடக்கே 12,000 அடி உயரத்தில் அது தென்பட்டபோது எட்டு நாள் ஆகியிருந்தது. உடல்களை எடுக்கப் போன குழுவில் மலையேற்ற வீரர்களோடு உள்ளூர் வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் ஏறியிருக்க முடியாது என்று அந்த மலையைப் பார்த்த நான் உறுதியாகச் சொல்வேன். நேற்று விழுந்த விமானத்துக்கே இந்தக் கதி என்றால், 80 ஆண்டுக்கு முன்னால் விழுந்ததற்கு யாரைக் கேட்பது?

சரி, 'அமெரிக்கர்களின் எலும்புக்கு நாம் ஏன் மெனக்கெட வேண்டும்' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். டெல்லியில் கேட்பார்களோ இல்லையோ, எங்கள் ஊர் டீக்கடையில் கண்டிப்பாகக் கேட்பார்கள். முதலில், அந்த விமானங்களில் இருந்தவர்கள் எல்லோரும் அமெரிக்கர் இல்லை. சீன தேசிய விமான நிறுவனத்தின் விமானங்களும் அதே பாதையில் பறந்தன. அவற்றில் சீனர்களும் பணி செய்தார்கள். குன்மிங்கிலிருந்து திரும்பி வரும்போது விமானங்கள் சும்மா வரவில்லை. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ராம்கரில் பயிற்சி பெறச் சீனச் சிப்பாய்களை ஏற்றி வந்தன. அவர்களுடைய பெயர்ப் பட்டியலாவது யாரிடமாவது முழுதாக இருக்குமா? உங்கள் ஜெய்ராம்பூரில், போர்க்காலத்தில் லெடோ சாலை போட வந்து செத்த சீனச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம் 1990களின் இறுதியில் புதருக்குள்ளிருந்து வெளிப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். சீனாவோடு நமக்கு உள்ள பேச்சுவார்த்தையே வேறு. அந்த நிலைமையில் ஒரு சரிவில் கிடைக்கும் எலும்பு யாருடையது என்று தெரியாமல் தோண்டுவதும், தோண்டாமல் விடுவதும் இரண்டுமே தலைவலி. பதிவேடு உங்கள் கையில் இருந்தால் முடிவும் உங்கள் கையில் இருக்கும்.

அடுத்தது, நம் ஆட்களுக்காக நாம் என்ன செய்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். 1968 பிப்ரவரி 7ஆம் தேதி சண்டிகரிலிருந்து லே நோக்கிப் போன ஏஎன்-12 விமானம் 102 பேரோடு ரோத்தாங் பக்கம் தொலைந்தது. 2003இல் மலையேற்றக் குழு ஒன்றின் கண்ணில் பட்டது. ராணுவம் விடவில்லை, திரும்பத் திரும்பப் போனது. 2024 செப்டம்பரில், 56 ஆண்டுகள் கழித்து, பனியிலிருந்து மேலும் நான்கு உடல்கள் வந்தன. அதில் ஒருவர் பக்கத்து மாநிலம், பத்தனம்திட்டை மாவட்டத்துக்காரர். 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் போன ஏஎன்-32 மலையில் விழவில்லை, கடலில் விழுந்தது. அதன் பாகங்களைச் சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் படம் பிடித்துக் கொண்டுவந்த செய்தி 2024 ஜனவரியில் வந்தது. அந்த 29 பேரின் வீடுகளில் அன்று என்ன பேசியிருப்பார்கள் என்று சீருடை போட்டவன் எவனுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'காணவில்லை' என்று தந்தி வந்த வீட்டில் திதி கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் இருக்கவும் முடியாது. கன்கார்டில் மட்டும் அது வேறாகவா இருந்திருக்கும்?

தமிழர்களுக்கு அந்த மலைகளோடு பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 1942இல் ரங்கூனை விட்டு நடந்தே வந்த லட்சக்கணக்கான இந்தியர்களில் தமிழர்கள் ஏராளம். ஒரு கூட்டம் தமு வழியாக மணிப்பூருக்கு வந்தது. இன்னொரு கூட்டம் ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக, மழையில், சேற்றில், பாங்சாவ் கணவாய் ஏறி லெடோ பக்கம் வந்தது. வழியில் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. அந்தக் கூட்டத்துக்கு அரிசி மூட்டை போட்டவையும் அசாமிலிருந்து பறந்த விமானங்கள்தான். எங்கள் தெருவிலேயே ரங்கூன் வீடு என்று ஒரு வீடு இருந்தது. மேல்மாடியில் பர்மா தேக்கு. அந்த வீட்டுப் பெரியவர், விமானச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து பார்ப்பார். மறந்து போகாத நன்றி என்று என் அம்மா சொல்வார். பசி என்று அவர் மருமகள் சொல்வார்.

இனி, வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது. அதிகாரிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் களத்தில் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஹெலிகாப்டரில் தொடங்காதீர்கள். ஊரில் தொடங்குங்கள். சிவப்புக் கோட்டு போட்ட காவ்ன் புராக்களும் (ஊர்த் தலைவர்கள்) கேபாங் என்ற ஊர்ச் சபையும் கூடுகிற இடத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வேட்டைத்தடத்தில், எந்த ஓடையின் தலைப்பில், என்ன கிடக்கிறது என்று ஒரே கூட்டத்தில் பாதி பட்டியல் வந்துவிடும். கேட்கப் போகிறவர் ஆதி, மிஷ்மி, தாகின் மொழி தெரிந்த ஆளாக இருக்கட்டும். இந்தியில் கேட்டால் மரியாதைக்குப் பதில் வரும், விவரம் வராது. அப்புறம் படமும் இடக்குறியீடும் எடுக்க ஆள் அனுப்புங்கள். எதையும் தூக்கி வரக்கூடாது, எலும்பு தெரிந்தால் தொடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு கொடுங்கள். வழிகாட்டிக்கும் சுமைக்காரருக்கும் நாள் கூலியோடு விபத்துக் காப்பீடும் வேண்டும். அந்த மலையில் கால் தவறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இடக்குறியீட்டை வெளியே விடாதீர்கள். பாதுகாப்புக் காரணத்துக்காக என்று உள்துறை சொல்லும், அது நியாயம். திருடனுக்கும் அதே குறியீடுதான் வேண்டும் என்பது கூடுதல் காரணம். ஆனால் விமானத்தின் வகை, எண், விழுந்த தேதி, கிடைத்த ஊர், சொன்னவர் பெயர் இவை பொதுவில் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். பெயர் வேண்டாம் என்பவரை விட்டுவிடுங்கள், மற்றவர்கள் பெயரை எழுதுங்கள். பாசிகாட் அருங்காட்சியகத்தில் விமானிகளின் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சுவரை அதற்கு ஒதுக்குங்கள்.

அடையாளம் காணும் வேலைக்கு வெளியே பார்க்க வேண்டியதும் குறைந்துவிட்டது. காந்திநகர் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் அமெரிக்காவின் காணாமல் போனோர் தேடல் நிறுவனத்துக்கும் 2021இலேயே ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அதை மலைவரை கொண்டு வாருங்கள். நம் பிள்ளைகளுக்கும் படிப்பாகும். வெளிநாட்டுக் குழுவின் அனுமதிக் கோப்பு எத்தனை மேசை ஏறி இறங்க வேண்டும், ஒவ்வொரு மேசையிலும் அதிகபட்சம் எத்தனை நாள் என்று மத்திய அமைச்சகங்கள் வெளிப்படையாக எழுதி வையுங்கள். மறுப்பதானால் மறுத்துவிடுங்கள், அது உங்கள் உரிமை. பதிலே சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது உரிமை ஆகாது.

மழை விட்டு மலை ஏறக்கூடிய பருவம் அக்டோபரில் தொடங்கும். எல்லா மாவட்டமும் ஒரே ஆண்டில் முடியாது, அதை நானும் எதிர்பார்க்கவில்லை. வருகிற பருவத்தில் மேல் சியாங், சியாங் இரண்டு மாவட்டங்களில் மட்டும் தொடங்குங்கள். மாவட்டத் துணை ஆணையர் பெயருக்கு ஓர் உத்தரவும், ஒரு சிறு தொகையும், மொழி தெரிந்த நான்கு ஆட்களும் போதும். தொடங்கியதும் ஒரு வரி அறிவிப்பு போடுங்கள். ஓய்வு பெற்ற சிக்னல்காரர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறோம். முட்டி ஒத்துழைக்காது, ஆனால் கீழே உட்கார்ந்து ரேடியோ பார்க்கவும் பட்டியல் எழுதவும் எங்களால் முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்